நீடித்த மணவாழ்வும் திண்டிவனத்து இரவும்

மருத்துவர் ஜான் ஸ்கடர் இளையவருக்கும் சோஃபியா வெல்ட் அம்மையாருக்கும் 1861ஆம் ஆண்டில் திருமணம் நடந்தது. 1900ஆம் ஆண்டில் கணவர் காலமானார். இடைப்பட்ட ஆண்டுகள் முப்பத்தொன்பது. ஆர்க்காடு மிஷனின் வரலாற்றைப் படித்தவர்கள் இவ்விரு ஆண்டுகளையும் தனித்தனியே அறிவர். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பவர் அரியர். நானும் இவ்வாண்டு வரையில் கழித்துப் பார்த்ததில்லை. 1986ஆம் ஆண்டு மே மாதத்தில் விழுப்புரத்தில் மணம் புரிந்துகொண்ட எங்களுக்கு முப்பத்தொன்பதாம் ஆண்டு நிறைவுற்ற ஞாயிற்றுக்கிழமையன்றுதான் அவ்வெண் என் கண்ணிற் பட்டது.

நம் சபைகளில் இப்பொழுது ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அவ்வாரத்தில் பிறந்தநாளும் மணநாளும் காண்போரின் பெயர்களை ஆராதனையில் வாசித்து, அவர்களைத் திருப்பீடத்தின் முன் அழைத்து, ஆயர் ஜெபம் செய்கிறார். அவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள். இது பழைய வழக்கமன்று. என் பாட்டனாரும் பாட்டியாரும் தங்கள் மணநாளை அறியார். “பெரிய மழை பெய்த ஆண்டு” என்பதற்கு மேல் பாட்டியாரிடமிருந்து விடை வராது. சபைப் பதிவேட்டில் தேதி இருந்தது. ஆயினும் அதை எடுத்துப் பார்க்க வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றியதில்லை. இந்நாள் அவ்வாறன்று. நாற்பது, ஐம்பது என்று எண்ணிக்கை உயர உயரச் சபையாரின் வியப்பும் உயர்கிறது. ஆயரும் அத்தம்பதியரின் பொறுமையையும் விட்டுக்கொடுக்கும் பண்பையும் ஜெப வாழ்வையும் எடுத்துரைத்து, நீடித்த மணவாழ்வு அவ்விருவருடைய குணத்தின் கனி என்று விளக்குகிறார். ஆயராகப் பணியாற்றிய காலமெல்லாம் நானும் அவ்வாறே விளக்கியவன்.

அன்று பிரசங்கித்த இளம் ஆயர், ஐடா ஸ்கடர் அம்மையாரின் அழைப்பைக் குறித்துப் பேசினார். திண்டிவனத்து இரவின் வரலாறு நம் சபைகளில் யாவரும் அறிந்ததே. வீடு திரும்பிய பின் என் மனைவி ஒரு வினாவைத் தொடுத்தாள். “இத்தனை வருடமாக நீங்களும் இதைச் சொன்னீர்கள், இப்போது இந்தத் தம்பியும் சொல்கிறார். அந்த மூன்று பெண்களுக்கும் பெயர் கிடையாதா?” நான் விடையிறுக்கவில்லை. பல பிரசங்கங்களில் அந்த இரவை எடுத்தாண்டவன் நான். அவற்றுள் ஒன்றிலேனும் அம்மூவரையும் மனைவியர் என்று கருதி நான் பேசியதில்லை. ஓர் அழைப்பின் மூன்று மணியோசைகளாகவே அவர்களை வைத்திருந்தேன். இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து பிறந்தது.

அடுத்த நாள் இருவரும் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் திண்டிவனம் சென்றோம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நின்று நின்று செல்லும் குறுகிய பயணம் அது. 1870களின் பிற்பகுதியில் போடப்பட்ட இருப்புப்பாதை இது. ஆகவே நாம் பேசப்போகும் இரவிலும் இவ்வழியே இரயில் ஓடிற்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். திண்டிவனம் என்னும் பெயர் திந்திரிவனம் என்பதன் மரூஉ. திந்திரிணி என்பது புளிக்கு வடமொழிப் பெயர். புளியங்காடு என்பதே பொருள். நெடுஞ்சாலைகளை அகலப்படுத்துகையில் புளிய மரங்கள் பல வீழ்ந்தன. ஊர்ப்பெயர் மட்டும் வீழவில்லை.

அக்காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், அமெரிக்கச் சீர்திருத்தச் சபையாரின் ஆர்க்காடு மிஷனுக்கு ஒரு பணித்தலமாக இருந்தது. அம்மிஷன் 1853ஆம் ஆண்டில் ஸ்கடர் சகோதரர்களால் தொடங்கப்பட்டது. அவர்களுடைய தந்தையாராகிய மருத்துவர் ஜான் ஸ்கடர் மூத்தவர் 1819ஆம் ஆண்டில் இலங்கை யாழ்ப்பாணப் பகுதிக்கு வந்து, 1836இல் சென்னைக்குப் பெயர்ந்தவர். அவருடைய ஆண்மக்களுள் எழுவர் இந்தியாவில் மிஷனெரிகளாயினர். இச்செய்தியை நம் நூல்கள் பெருமிதத்தோடு கூறும். அவ்வெழுவரையும் பெற்ற ஹாரியட் வாட்டர்பரி அம்மையாரைக் குறித்து அவை சுருங்கவே கூறும். அவர் கையிற் பிடித்துக் கப்பலேறிய முதற் குழந்தை மரியா, இலங்கையை அடையுமுன் 1819இலேயே கல்கத்தாவில் இறந்தது. இலங்கையில் பிறந்த குழந்தைகளிலும் சாவு கைவைத்தது. அம்மையார் 1849ஆம் ஆண்டில் சென்னையில் காலமானார். கணவர் ஆறாண்டுகள் கழித்து, 1855இல், நன்னம்பிக்கை முனையில் இறந்தார். பிள்ளைப்பேறும் பிள்ளைச்சாவும் மாறிமாறி வந்த இத்தகைய மணவாழ்வே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொதுவான நிலை. மிஷனெரி இல்லங்களுக்கும் அது விலக்கன்று.

இக்குடும்பத்தின் இளைய மகன்களுள் ஒருவரே ஜான் ஸ்கடர் இளையவர். 1835ஆம் ஆண்டில் இலங்கையிற் பிறந்தவர்; மருத்துவமும் இறையியலும் கற்றவர். சோஃபியா அம்மையாரோடு அவர் இந்தியாவுக்கு வந்து பணியாற்றிய ஆண்டுகளிலேதான் 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்றது. அவர்களுடைய ஒரே மகள் ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவர். பசியால் வாடிய பிள்ளைகளுக்குத் தன் சிறு கைகளால் உணவூட்டிய நினைவு அவரை நெடுங்காலம் வாட்டிற்று. பஞ்சத்துக்குப் பின் குடும்பம் அமெரிக்கா சென்றது. பெற்றோர் இந்தியப் பணிக்குத் திரும்பியபோது மகளை உறவினர் வீட்டில் விட்டு வந்தனர். மிஷனெரி மணவாழ்வு நீடித்ததற்குக் கொடுக்கப்பட்ட விலைகளுள் இதுவும் ஒன்று. அவ்விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள். ஐடா தாம் ஒருநாளும் மிஷனெரியாகப் போவதில்லை என்று உறுதி பூண்டதில் வியப்பில்லை. அமெரிக்காவில் மணம் புரிந்து இல்லறம் நடத்தவே அவர் விரும்பியிருந்தார். 1890ஆம் ஆண்டில் தாயார் திண்டிவனத்தில் நோயுற்றார் என்னும் செய்தி கிடைக்கவே, துணையாயிருந்துவிட்டு மீளலாம் என்ற எண்ணத்தோடு வந்தார்.

அந்த இரவைச் சுருக்கமாகவே கூறுகிறேன். மிஷன் பங்களாவில் ஐடா விளக்கருகே அமர்ந்திருக்கையில் ஓர் அந்தணர் வந்தார். பதினான்கு வயதுள்ள தம் மனைவி பிள்ளைப்பேற்றில் உயிருக்குப் போராடுவதாகவும், ஐடா வந்து உதவ வேண்டுமெனவும் வேண்டினார். தாம் மருத்துவம் அறியாதவர், தம் தந்தையே மருத்துவர், அவரோடு வருவதாக ஐடா கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுவதை விட அவள் இறப்பதே மேல் என்று அவர் சென்றுவிட்டார். சற்று நேரத்தில் ஓர் இசுலாமியர் அதே வேண்டுகோளோடு வந்தார். அதே விடையோடு திரும்பினார். மூன்றாவதாக உயர்சாதி இந்து ஒருவர் வந்தார்; அவரும் அவ்வாறே திரும்பினார். விடியற்காலையில் சாவுப் பறையொலி கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தபோது மூவரும் இறந்துவிட்டனர் என்று தெரிந்தது. ஐடா அன்றே தம் வாழ்வின் திசையை மாற்றினார். 1895இல் அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

இவ்வரலாறு ஐடா அம்மையாரின் நினைவிலிருந்து நமக்குக் கிடைத்தது. அமெரிக்கச் சபைகளின் மேடைகளில் பலமுறை கூறப்பட்டது. மேடையிற் கூறப்படும் எவ்வரலாறும் நாளடைவில் கூர்மையடையும், தேவையற்றவை உதிரும். இவ்வரலாற்றில் உதிர்ந்தவற்றுள் முதன்மையானது அம்மூன்று கணவன்மாரின் முகம். நம் பிரசங்கங்களில் அவர்கள் இருளின் பிரதிநிதிகளாக நிற்கிறார்கள். நானும் அவ்வாறு நிறுத்தியிருக்கிறேன். ஆனால் அவர்கள் செய்ததை நிதானித்துப் பார்ப்போம். நள்ளிரவில், சாதிக் கட்டும் சமயக் கட்டும் மீறி, வெள்ளையர் ஒருவரின் வாசற்கதவைத் தட்டினார்கள். மனைவியின் உயிரை மதியாதவன் அவ்வேளையில் வீட்டை விட்டு வெளியேறான். தெருவார் காண அன்னிய மதத்தார் வீட்டுப் படியேறி, ஓர் இளம்பெண்ணிடம் மன்றாடி நின்றார்கள். வழக்கத்தின் ஒரு சுவரை அவர்கள் அன்பு தாண்டிற்று. அடுத்த சுவரை அதனால் தாண்ட இயலவில்லை. மனைவியின் மானம் தன் மானம் என்று கற்பிக்கப்பட்ட கணவன், அவளிடம் ஒரு சொல்லும் கேளாமல் அவள் சார்பில் முடிவெடுத்தான். அறையினுள்ளே வலியில் கிடந்தவளைக் கேட்டிருந்தால் அவள் என்ன விடை சொல்லியிருப்பாள்? இவ்வினாவை நம் பிரசங்கிகளும் கேட்பதில்லை.

மருத்துவச்சியர் அக்காலத்து ஊர்களில் இருந்தனர். இயல்பான பேற்றுக்கு அவர்களுடைய கைப்பழக்கம் போதியதாயிருந்தது. நம் பாட்டிமார் அவர்களுடைய கைகளிலேயே பிறந்தனர். ஆனால் முழு வளர்ச்சியடையாத இடுப்பெலும்புள்ள சிறுபெண்ணுக்குக் குழந்தையின் தலை இறங்க வழியிராது. நாள் கணக்கில் வலி நீடிக்கும், தாய் சோர்வாள், கருப்பை கிழிவதும் உதிரம் பெருகுவதும் நஞ்சேறுவதும் நேரும். அந்நிலையில் கையால் ஆவது ஒன்றுமில்லை. கருவி வேண்டும், அறுவை வேண்டும். 1890களில் வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுப்பதும் பேராபத்தான செயலே. ஜான் ஸ்கடர் அவ்விரவில் மூன்று வீடுகளுக்கும் சென்றிருந்தாலும் மூவரும் பிழைத்திருப்பர் என்று உறுதி கூற இயலாது. வரலாறு எழுதுவோர் இதையும் சொல்ல வேண்டும். நோய் பேற்றறையில் தொடங்கவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் தாயாவதற்கு இடந்தந்த மணப்பந்தலில் தொடங்கியது.

மணப்பந்தலைப் பேசும்போது நம் திருச்சபை தன் கைகளையும் பார்த்துக்கொள்வது நலம். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இந்நாட்டுக் கிறிஸ்தவர்களின் மணத்துக்கு அச்சட்டத்தின் 60ஆம் பிரிவு விதித்த வயது வரம்பு என்ன? மணமகனுக்குப் பதினாறு கடந்திருக்க வேண்டும். மணமகளுக்குப் பதின்மூன்று கடந்திருக்க வேண்டும். அதாவது, அன்றிரவு இறந்த அந்தணரின் மனைவி கிறிஸ்தவப் பெண்ணாயிருந்திருந்தால், அவளுடைய மணம் திருச்சபையின் ஆசியோடும் அரசின் சான்றோடும் குற்றமின்றி நடந்திருக்கக்கூடும். நான் பணியாற்றிய ஒரு சபையின் பழைய மணப்பதிவேட்டைப் புரட்டியபோது மணமகளின் வயது 14 என்றும் 15 என்றும் எழுதப்பட்ட பக்கங்களைக் கண்டதுண்டு. அப்பொழுது அதைப் பழங்காலத்து விந்தையாக எண்ணி, பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

சட்டத்தின் பொது வரலாறும் மெதுவாகவே நடந்தது. கல்கத்தாவில் புல்மோனி தாசி என்னும் சிறுமி 1889ஆம் ஆண்டில் தன் கணவனாலேயே மாண்ட பின்னர், 1891இல் இசைவு வயது பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. அதையே பெரும் தலையீடு என்று தேசத்தில் கிளர்ச்சி எழுந்தது. திண்டிவனத்து இரவு ஏறத்தாழ அக்கிளர்ச்சியின் சூட்டிலேயே நிகழ்ந்தது என்பது நோக்கத்தக்கது. குழந்தை மணத் தடைச் சட்டம் 1929இல் பெண்ணுக்குப் பதினான்கு என்று வரையறுத்தது. கிறிஸ்தவச் சட்டத்தின் பதின்மூன்று 1952ஆம் ஆண்டில்தான் பதினைந்தாயிற்று. பதினெட்டு என்னும் இன்றைய வரம்பு 1978இல் வந்தது. இவ்வாண்டுகளைக் கூட்டிப் பார்த்தால், திண்டிவனத்தில் இறந்த பதினான்கு வயதுப் பெண்ணைப் போன்றோரின் மணத்தைச் சட்டம் முற்றிலும் விலக்குவதற்கு அவள் சாவுக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

மற்றொரு செய்தியும் மனத்தை உறுத்துகிறது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்குப் பயின்ற மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால், ஆண் மருத்துவரிடம் செல்ல மறுக்கும் சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமென்றே 1885இல் சென்னையில் ஒரு மருத்துவமனை எழுந்தது. இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று திருவல்லிக்கேணியில் விளங்குவது அதுவே. திண்டிவனத்தின் மூன்று வீடுகளுக்கும் வேண்டியிருந்தது எதுவோ, அது ஐந்தாறு ஆண்டுகளாக இருப்புப்பாதையின் மறுமுனையில் இருந்தது. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவு. வலியெடுத்த பெண்ணை இரவில் ஏற்றிச் செல்லும் தொலைவன்று அது. வசதியும் தேவையும் ஒரே மாகாணத்தில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

இனி, அந்த இரவில் நாம் பாராத நான்காம் மனைவியைப் பார்ப்போம். ஐடா திண்டிவனத்துக்கு வந்ததே தாயின் நோய் காரணமாக. பங்களாவினுள்ளே சோஃபியா அம்மையார் இருந்தார். அவருடைய மணவாழ்வு அப்பொழுது முப்பது ஆண்டுகளைக் கடந்துகொண்டிருந்தது. பல குழந்தைகளைப் பெற்றவர். பஞ்சத்தையும் வெயிலையும் கடல் கடந்த பிரிவையும் தாங்கியவர். அவர் நோயுற்றால் பார்ப்பதற்குக் கணவரே மருத்துவராயிருந்தார். கவனித்துக்கொள்ள ஒரு மகள் கண்டம் கடந்து வந்தாள். கதவுக்கு உட்புறத்தில் ஒரு மணவாழ்வு நீடிப்பதற்கு வேண்டியவை யாவும் இருந்தன. கதவுக்கு வெளிப்புறத்தில் மூன்று மணவாழ்வுகள் அவற்றுள் ஒன்றும் இல்லாமல் விடியலுக்குள் முடிந்தன. சோஃபியா அம்மையாரின் பொறுமையும் ஜெபமும் சிறந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. வெளியே மாண்ட பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் பொறுமையைக் காட்டுவதற்கு ஆண்டுகள் அளிக்கப்படவில்லை. நீடித்த மணவாழ்வு குணத்தின் கனி என்று இத்தனை ஆண்டுகள் நான் விளக்கிவந்தது இவ்விடத்தில் இடறுகிறது.

திருமறையில் பிள்ளைப்பேற்றில் இறந்த மனைவியர் இருவரைக் காண்கிறோம். ஒருத்தி ராகேல். எப்பிராத்தாவுக்குச் செல்லும் வழியில் இறந்தாள். யாக்கோபு அவள் கல்லறையின்மேல் ஒரு தூணை நிறுத்தினான்; முதுமையில், எகிப்தில் மரணப் படுக்கையிலிருந்து யோசேப்பிடம் பேசும்போதும் அவ்வழியையும் அவ்விடத்தையும் குறிப்பிட்டான். அவளுக்காக ஏழாண்டுகள் உழைத்தவன், அவளோடு வாழ்ந்த காலம் குறுகியதாயிருந்தும், வாழ்நாள் முழுதும் அவளுடைய கணவனாகவே இருந்தான். மற்றவளுக்குப் பெயரில்லை. பினெகாசின் மனைவி என்று மட்டுமே சாமுவேலின் முதலாம் நூல் அவளைக் குறிக்கிறது. பெட்டி பிடிபட்ட செய்தியும் கணவனும் மாமனும் இறந்த செய்தியும் ஒருங்கே வந்தபோது பேற்றுவலியுற்று, மகனைப் பெற்று, இக்கபோத் என்று அவனுக்குப் பெயரிட்டு இறந்தாள். தன் பிள்ளைக்கு ஒரு பெயரைக் கொடுத்தவளுக்குத் தன் பெயர் கிடைக்கவில்லை. இறையியல் மாணவர்களுக்கு நாம் இக்கபோத் என்னும் சொல்லின் பொருளைக் கற்பிக்கிறோம்; மகிமை விலகிற்று என்பர். அதைச் சொன்னவளின் பேற்றறையைக் கற்பிப்பதில்லை. திண்டிவனத்துப் பெண்கள் மூவரும் இவளுக்கே உறவினர்.

ஐடா அம்மையார் 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மருத்துவராகத் திரும்பி வந்தார். தந்தையோடு சேர்ந்து பணியாற்றிக் கற்றுக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். சில மாதங்களிலேயே தந்தை இறந்தார். முப்பத்தொன்பது ஆண்டு மணவாழ்வு முற்றுப்பெற்றது. கைம்பெண்ணாகிய சோஃபியா அம்மையார் தாய்நாடு திரும்பவில்லை. மகளோடு வேலூரில் தங்கினார். வீட்டின் ஒரு சிறிய அறையே முதல் மருத்துவக் கூடம். இரண்டே ஆண்டுகளில் 5,000 நோயாளிகள் அங்குச் சிகிச்சை பெற்றனர். தாயார் 1925ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். கணவரை இழந்த பின்னும் இருபத்தைந்து ஆண்டுகள்! நோயாளியாய்த் திண்டிவனத்தில் கிடந்த அம்மையாரே நெடுங்காலம் நிலைத்தார் என்பது வரலாற்றின் வியத்தகு திருப்பங்களுள் ஒன்று.

1902ஆம் ஆண்டில் வேலூரில் எழுந்த முதல் மருத்துவமனையின் பெயரை நம் வாசகர்கள் கேட்டிருப்பர்: மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. யார் இந்த மேரி டேபர் ஷெல்? மருத்துவரல்லர், மிஷனெரியல்லர். நியூயார்க்கு நகரத்து வங்கியாளர் ஒருவரின் மறைந்த மனைவி. ஐடா பணம் திரட்டச் சென்றபோது, ஷெல் என்னும் அவ்வங்கியாளர் தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் அளித்தார். யாக்கோபு கல்லை நிறுத்தினான். இவர் கட்டிலையும் மருந்தையும் நிறுத்தினார் எனலாம். பெயர் தெரியாத மூன்று மனைவியரின் சாவினால் தேவைப்பட்ட மருத்துவமனை, கணவனால் மறக்கப்படாத ஒரு மனைவியின் பெயரைத் தாங்கிற்று. ஷெல் என்னும் பெயரை வேலூரில் நான் பலமுறை கேட்டும், அது ஒரு மணவாழ்வின் நினைவுச்சின்னம் என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

பின்னர் நிகழ்ந்தவை நாடறிந்தவை. 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது; முதல் ஆண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன. பெண்கள் மருத்துவம் படிக்க முன்வரமாட்டார்கள் என்று கூறியோர் வாயடைத்தனர். 1922இல் முதல் அணியினர் பதினால்வர் தேறினர். இனித் திண்டிவனத்து வீடுகளைப் போன்ற வீடுகளின் உள்ளறைக்கு இந்நாட்டுப் பெண்ணே மருத்துவராகச் செல்லலாம். ஐடா அம்மையார் மணம் புரியவில்லை. 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் காலமானார். இல்லறத்தை நாடியிருந்த ஒருவர் அதை விடுத்துப் பிறருடைய இல்லறங்கள் நிலைப்பதற்கு உழைத்தார் என்று எழுதுவது எளிது, எழுதியும் இருக்கிறார்கள். அவர் மகிழ்ச்சியும் விளையாட்டுத்தனமும் மிக்கவர் என்றே அவரை அறிந்தோர் கூறுவதால், அவருடைய தனிவாழ்வைத் துயர்க்காவியமாக்க எனக்கு மனமில்லை.

எங்கள் இல்லத்துச் செய்தி ஒன்றையும் கூறிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டில் எங்கள் முதற் பிள்ளைப்பேறு. குழந்தை பிறந்தபின் என் மனைவிக்கு உதிரப்பெருக்கு நிற்கவில்லை. இரவு பதினொரு மணி. ஒரு பெண் மருத்துவரும் இரு செவிலியரும் உள்ளே இருந்தனர். இரத்தம் வேண்டும் என்று வெளியே வந்து சொன்னார்கள். என் இரத்தம் பொருந்தவில்லை. முன்பின் அறியாத இரு மாணவர்கள் சைக்கிளில் வந்து கொடுத்துச் சென்றார்கள். அவர்கள் பெயரை நான் கேட்டிருக்க வேண்டும். அன்றிருந்த கலக்கத்தில் கேட்கவில்லை. நடைக்கூடத்து மரப்பெஞ்சில் விடியும்வரை அமர்ந்திருந்தேன். ஜெபித்தேன் என்று சொன்னால் பொய்யாகும். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பொழுது எங்களுக்கு மணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்திருக்கவில்லை. இன்று முப்பத்தொன்பது என்று நாங்கள் எண்ணுவதில் முப்பத்தேழு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை அந்த இரவுக்குப் பிந்தியவை. அவற்றை எங்கள் பொறுமையின் கனி என்று நான் எவ்வாறு சொல்வேன்? அந்த மருத்துவர் எங்கே படித்தார் என்று நான் விசாரித்ததில்லை. அவர் ஒரு பெண் என்பதும், அவர் உள்ளே செல்வதற்கு என் அனுமதியை ஒருவரும் கேட்கவில்லை என்பதும் அன்று எனக்கு இயல்பாகவே தோன்றின.

திண்டிவனத்தில் அன்று நாங்கள் கண்டவை மிகுதியில்லை. வால்டர் ஸ்கடரின் பெயரைத் தாங்கிய பள்ளியின் முன் சற்று நின்றோம். பிள்ளைகளின் இரைச்சல் தெரு வரை கேட்டது. ஊரின் தெருக்களில் நடந்தோம். அந்தணர் வந்த தெரு இதுவா, இசுலாமியர் வந்த வழி அதுவா என்று என் மனைவி கேட்டுக்கொண்டே வந்தாள். இருவரை எரித்திருப்பார்கள், ஒருத்தியைப் புதைத்திருப்பார்கள் என்றேன். “புதைத்தவள் இடத்திலாவது ஒரு கல் இருக்காதா?” என்றாள். பேருந்து நிலையத்தருகே தேநீர் அருந்திவிட்டு நிலையத்துக்குத் திரும்பினோம்.

திரும்பும் வழியில் முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்றது. அங்கே 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. 2018 முதல் 2020 வரையிலான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஓர் இலட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கையில் 54 தாய்மார் இறக்கின்றனர். இந்திய நாட்டளவில் அவ்வெண் 97. திண்டிவனத்தில் ஓர் இரவில், ஓர் ஊரில், ஒரே வீட்டுக் கதவைத் தட்டியோரின் மனைவியர் மட்டுமே மூவர் என்பதை நினைத்துக்கொண்டேன். ஐம்பத்துநான்கு என்பதும் ஐம்பத்துநான்கு வீடுகள் அல்லவா என்று என் மனைவி சொன்னாள்.

ஓர் இளைஞனும் அவன் மனைவியும் அவளுடைய தாயாரும் வண்டியில் ஏறினர். துணியில் சுற்றிய குழந்தை தாயார் கையில் இருந்தது. இளைஞனிடம் இரண்டு பைகளும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஃபிளாஸ்க்கும். மனைவியை ஜன்னலோரம் அமர்த்த இடம் தேடினான். நாங்கள் எழுந்து இடம் கொடுத்தோம். என் மனைவி அப்பெண்ணின் அருகில் குனிந்து பெயரைக் கேட்டாள். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று அவள் சொன்னாள். “குழந்தை பெயர் இருக்கட்டும் அம்மா, உன் பெயரைக் கேட்டேன்” என்றாள் என் மனைவி. அப்பெண் சிரித்துவிட்டுச் சொன்னாள். விழுப்புரம் வரும் வரையில் அவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள்.